டர்பனுக்குக் கப்பலேறிய பாட்டி யார் வீட்டுப் பெண்? எங்கே தேடுவது?

மேஜைவிளக்கு:

வணக்கம். நான் கும்பகோணத்துக்காரி, கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருக்கிறேன். என் மாமனாரின் அப்பாவைப் பெற்ற பாட்டி யார் வீட்டுப் பெண் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பாட்டியின் பெயர் அம்மாக்கண்ணு. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தன் அம்மாவோடு மதராஸிலிருந்து கப்பலில் வந்தவர், வந்தவாசிப் பக்கம் ஏதோ ஊர், கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவர், 1958இல் காலமானார். வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற சங்கதி இவ்வளவுதான்.

அதற்கு மேல் ஆளுக்கொரு கதை. மாமனார் பாட்டியை நாயுடு வீட்டுப் பெண் என்கிறார், ஏனென்றால் பாட்டியின் தம்பி வழியில் வந்தவர்கள் இன்றைக்கும் நாயுடு என்றுதான் போட்டுக்கொள்கிறார்கள். மாமனாரின் அத்தை இருந்தவரைக்கும் "நாங்க பிள்ளைமாரு" என்று அடித்துச் சொல்வாராம். புகுந்த வீட்டுப் பெயர் கோவெண்டர், அதில் சந்தேகமே இல்லை. பாட்டியின் இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் கட்டத்தில் "தெரியாது" என்று எழுதியிருக்கிறது. அவருடைய மகன் இறந்தபோது சொத்துக்காகக் கொடுத்த இறப்பு அறிவிப்பைத் தேடி எடுத்தேன், அதிலும் தாயார் பெயர் என்ற இடத்தில் வெறும் அம்மாக்கண்ணு. நெட்டில் அம்மாக்கண்ணு நாயுடு, அம்மாக்கண்ணு பிள்ளை என்று எப்படி எப்படியோ தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஒத்துவரவில்லை.

கையில் இருக்கிற இன்னொரு காகிதம் அந்த மகனின் பிறப்புப் பதிவு, 1912. நாலாக மடித்து யாரோ பர்ஸில் வைத்திருந்திருக்கிறார்கள், மடிப்பெல்லாம் ஓட்டை. அப்பா பெயருக்கும் அம்மா பெயருக்கும் பக்கத்தில் ஏதோ எண்கள். அம்மா பெயர் பக்கத்து எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் கிழிசலில் போய்விட்டது. பதிவு எண்ணோ என்னவோ.

இந்த நாட்டு வழக்கப்படி "கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர்" என்ன என்று என் நாத்தனார்கள் கேட்கிறார்கள். நான் தமிழ் படிக்கத் தெரிந்தவள் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். யாராவது வழி சொல்லுங்கள்.

குறுக்குச்சால்:

இதுக்கெல்லாம் ஏன் மண்டையை உடைச்சுக்கிறீங்க, மாமனாருக்கு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துடுங்க. எச்சிலைத் துப்பி அனுப்பினா ஊர், சாதி, சொந்தம் எல்லாம் வந்துடும்.

பழங்கணக்கு:

குறுக்குச்சால், டிஎன்ஏ யார் யாருக்குச் சொந்தம் என்று காட்டும், பெயரைச் சொல்லாது. அதிலும் அத்தை மகள், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்ட கூட்டத்தில், நாலைந்து தலைமுறைக்கு அப்பால் இருக்கிறவர்கூட ரொம்ப நெருங்கின சொந்தம் மாதிரி வந்து நிற்பார். தாய்க்குத் தாய் வழியைக் காட்டும் தனிப் பரிசோதனை ஒன்று உண்டு, ஆனால் மாமனாரிடம் எடுத்தால் அது அவருடைய அம்மாவின் வழியைத்தான் காட்டும். இவர் தேடுவது அவருடைய அப்பாவின் அம்மாவை. கடைசியில் சந்தேகம் தீர்க்க வேண்டுமானால் டிஎன்ஏவை வைத்துக்கொள்ளலாம், ஆரம்பிக்கிற இடம் அதுவல்ல.

மேஜைவிளக்கு அக்கா, அந்தக் கிழிந்த எண்தான் உங்கள் சாவி. அதைப் பத்திரமாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், டேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.

அது பதிவு எண் இல்லை, காலனி எண். நாட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கிற பழைய ஆங்கிலேயக் காலனிக்கு, ஒப்பந்தக் கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள், கைக்குழந்தையோடு வந்தால் அதற்கும் தனி எண். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்கிற கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்ததில் தொடங்கி, இடையில் 1866 முதல் 1874 வரை நின்றுபோய், 1911இல் ஆள் அனுப்புவது நிற்கும் வரை மொத்தம் 1,52,184 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழியாக வந்தவர்கள். வெள்ளைக்கார அதிகாரிக்கு நம் பெயர்கள் வாயில் நுழையாது, ஒரே தோட்டத்தில் நாலு முனுசாமி இருப்பார்கள், அதனால் அரசாங்கத்துக்கு ஆள் என்றால் எண்தான். ஒப்பந்தம் முடிந்து கொடுத்த விடுதலைச் சீட்டு, கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு எல்லாவற்றிலும் அது பின்னாலேயே வரும். நீங்கள் இதுவரை பெயரைத் துரத்திக்கொண்டு இருந்தீர்கள், இனிமேல் எண்ணைத் துரத்துங்கள்.

கப்பல் பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் ஸ்டேஷன் எல்லை), கிராமம் இதெல்லாம் இருக்கும். உடம்பில் உள்ள மச்சம், தழும்புகூட எழுதியிருப்பார்கள். இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள், குவாசுலு நாட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி லுதுலி ஆவண மையம் இருக்கிறது, நீங்கள் டர்பனிலேயே இருப்பதால் நேரில் போவது நல்லது. ஓசிஐ அட்டைக்காக (வெளிநாட்டில் இருக்கிற இந்திய வம்சாவளிக்கு இந்திய அரசு கொடுப்பது) நிறையப் பேர் இதே பட்டியலைத் தேடி வருவார்கள், அங்கே இருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல.

கடைசி இலக்கம் ஒன்றுதான் போயிருக்கிறது என்றால் 0 முதல் 9 வரை பத்தே பத்து பேர். அதில் ஆண்களைக் கழியுங்கள், பெரியவர்களைக் கழியுங்கள், மிச்சம் என்ன நிற்கிறது என்று பாருங்கள். தாயும் பிள்ளையும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்ணாக இருக்கும், அதனால் முன்னும் பின்னும் இருக்கிற வரிகளையும் சேர்த்து நகலெடுங்கள். பெயர் "அம்மாக்கண்ணு" என்றே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பான், அம்மகன், அமாகனூ, என்ன வேண்டுமானாலும்.

அப்புறம் அந்த நாயுடு, பிள்ளை சண்டை. பட்டியலில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டமே கிடையாது. நம் ஆட்கள் கப்பலேறும்போது யாருக்கும் அப்படி ஒன்று இல்லை, இன்னார் மகன் இன்னார், அவ்வளவுதான். இப்போது டர்பனில் பார்க்கிற நாயுடு, பிள்ளை, மூட்லி, கோவெண்டர், படையாட்சி எல்லாம் சாதிப் பட்டமோ, அல்லது தாத்தாவின் சொந்தப் பெயரோ இங்கே வந்த பிறகு பதிவேட்டில் உறைந்துபோனது. கோவெண்டர் என்பதே கவுண்டர்தான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர் இருக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் நாத்தனார்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், கிடைக்கப்போவது பாட்டியின் அப்பா பெயர்தான், அது அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி ஒரு பட்டப் பெயராக இருக்காது.

தீவுக்காரன்:

நான் ரீயூனியன் தீவு. எங்கள் பக்கம் தலைகீழ். இங்கே பிரெஞ்சுச் சட்டம் என்பதால் பெண் எத்தனை கல்யாணம் செய்தாலும் பதிவேட்டில் பிறந்த பெயரிலேயே இருப்பாள், கல்யாணப் பதிவில் இரண்டு பக்கத்துப் பெற்றோர் பெயரும் எழுத வேண்டும். பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகம் வழியாக வந்தவர்களுக்கும் ஒரு எண் உண்டு. ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஊர் பெயர் கிடைப்பது குதிரைக்கொம்பு, உங்களுக்குத் தாணா வரை இருப்பதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. மொரீஷியஸ் என்றால் மோகாவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில்தான் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன, நீங்கள் அந்த வம்சம்தான் என்று காட்டினால்தான் எடுத்துத் தருவார்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாட்டியை விட்டுவிட்டு பாட்டியின் அம்மாவைத் தேடுங்கள். சின்னப் பிள்ளையோடு தனியாகக் கப்பலேறின பெண் என்றால் இங்கே வந்து வேறு ஒருவரோடு குடித்தனம் நடத்தியிருக்க வாய்ப்பு அதிகம். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று கணக்கு வைத்து ஏற்றினார்கள், தனியாக இருக்கிற பெண்ணை யாரும் தனியாக இருக்க விடவில்லை, அவளுக்கும் இருக்க முடியவில்லை. தம்பி எப்போது பிறந்தார்? கப்பலில் வந்தாரா, இங்கே பிறந்தாரா?

குறுக்குச்சால்:

சரி சரி, டிஎன்ஏவை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒரு சந்தேகம், கப்பல் ஏறும்போது பொய்ப் பெயர் கொடுத்திருந்தா? வீட்டை விட்டு ஓடி வந்தவங்க எத்தனையோ பேர் அப்படித்தானே. அந்தக் கட்டத்துல இருக்கிறது எல்லாம் வேதவாக்கா?

பழங்கணக்கு:

நல்ல கேள்வி. வேதவாக்கு இல்லை. என் அனுபவத்தில் சாதிக் கட்டம்தான் ரொம்ப மோசம், டிப்போ (கப்பலேற்றுவதற்கு முன் ஆட்களைத் தங்க வைத்த முகாம்) குமாஸ்தாவுக்குத் தெரிந்த நாலைந்து பெயரில் ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுவான், ஆள் பிடிக்கிறவன் எதைச் சொல்லச் சொன்னானோ அதுவும் இருக்கும். வயது ஒன்றிரண்டு முன்னே பின்னே. பெயரை மாற்றினவர்களும் உண்டு. ஊரையும் தாலுகாவையும் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் ஆள் பிடித்த இடத்தில் ஒரு தடவை, மதராஸ் டிப்போவில் மறுபடி ஒரு தடவை என்று கேட்பார்கள், கூடவே அதே ஊர் ஆட்கள் இருப்பார்கள். தகப்பன் பெயரில் எனக்கு நம்பிக்கை உண்டு. கணவனோடு வந்த பெண்களுக்கு அந்தக் கட்டத்தில் கணவன் பெயரைப் போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன், அதை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். அதனால்தான் ஒரே காகிதத்தை நம்பாமல் இரண்டாவது ஒன்றோடு ஒத்துப்பார்க்கச் சொல்கிறேன்.

அந்த இரண்டாவது காகிதம் கல்யாணப் பதிவு. 1891ஆம் வருடத்துச் சட்டப்படி இந்தியர் கல்யாணங்களை குடியேறியோர் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிய வேண்டும். எல்லோரும் பதியவில்லை. தாலி கட்டியாகிவிட்டது, அப்புறம் எதற்கு வெள்ளைக்காரன் சீட்டு என்று விட்டவர்கள்தான் அதிகம். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், பலதார மணத்துக்கு இடம் கொடுக்கிற மதத்தின் சடங்குப்படி நடந்த கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார், ஊரே கொந்தளித்தது, அந்த வருடப் போராட்டத்தில் பெண்கள் ஜெயிலுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்து ஏற்கெனவே நடந்த கல்யாணத்தைப் பதிந்துகொள்ள வழி செய்தது. அதனால் 1908இல் நடந்த கல்யாணம் 1908 பதிவேட்டில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள், 1914க்குப் பிறகும் பாருங்கள், மூன்று பிள்ளை பெற்ற பிறகு போய்ப் பதிந்தவர்கள் இருக்கிறார்கள்.

குடியேற்றத் துறைக் கோப்புகள் பீட்டர்மரிட்ஸ்பர்க் காப்பகத்தில். போவதற்கு முன்னால் தேசிய ஆவணக் காப்பகத்தின் நாயர்ஸ் என்கிற இணையத் தேடலில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். தோட்டத்தை விட்டு ஓடினது, மேஸ்திரி மேல் புகார், ஊருக்குத் திரும்பக் கேட்ட மனு, இப்படி ஏதாவது விவகாரம் நடந்திருந்தால்தான் தனிக் கோப்பு இருக்கும், ஒழுங்காக வேலை பார்த்துவிட்டுப் போனவர்களுக்குக் காகிதமே இல்லை, என்ன நியாயமோ. பாட்டியின் மற்றப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளும் கிடைத்தால் நல்லது, அதில் ஏதாவது ஒன்றில் எண் முழுசாக இருக்கலாம். பேமிலிசெர்ச் தளத்திலும் நாட்டால் பதிவுகள் படமாக இருக்கின்றன, வரிசையாகப் புரட்டிப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

மேஜைவிளக்கு:

எல்லோருக்கும் நன்றி, முக்கியமாகப் பழங்கணக்கு அண்ணாவுக்கு. வெஸ்ட்வில் போய்ப் பத்து வரியையும் வாங்கி வந்துவிட்டேன்.

பத்தில் ஆறு ஆண்கள். மிச்சம் நாலு பெண்களில் இரண்டு பேர் பெரியவர்கள், கணவனோடு வந்தவர்கள், ஊரும் சேலம் ஜில்லா. மூன்றாவது ஒரு பெரிய பெண்மணி, பெயர் மங்கம்மா, வயது 24, தகப்பன் பெயர் கட்டத்தில் ராமசாமி. அதற்கு அடுத்த எண் "அமகன்னு", பெண், வயது 4, தகப்பன் பெயர் வெங்கடாசலம். இரண்டு பேருக்கும் ஜில்லா வடஆற்காடு, தாணா வாண்டிவாஷ், கிராமம் "டேசோர்". சாதிக் கட்டத்தில் தாய்க்கு ஒன்று, மகளுக்கு வேறொன்று! ஒரே குமாஸ்தா, அடுத்தடுத்த வரி, எப்படித்தான் எழுதினானோ. மகளுக்கு வலது முழங்காலில் தழும்பு என்று குறிப்பு. அதைப் படித்ததும் மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை, பாட்டி வெத்தலை இடிக்கும்போது புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு உட்காருவார், முழங்காலில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கும், சின்ன வயதில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன் என்றார். அவர் சொன்னது எனக்குப் போதும், நாத்தனார்கள்தான் "இதெல்லாம் ஆதாரமா" என்கிறார்கள்.

தீவுக்காரன் கேட்டதற்குப் பதில், தம்பி கப்பலில் இல்லை. வெங்கடாசலம் என்று யாரும் அந்தக் கப்பலில் வந்தவாசியிலிருந்து வரவில்லை, முழுப் பட்டியலையும் பார்த்தேன். தம்பி இங்கே பிறந்தவர், பாட்டியைவிட ஒன்பது வயது சின்னவர்.

இப்போது குழப்பம் இன்னும் கூடிவிட்டது. நாயுடுவும் இல்லை, பிள்ளையும் இல்லை, வெங்கடாசலம் யார்?

பழங்கணக்கு:

அக்கா, குழப்பம் எதுவும் கூடவில்லை, நன்றாகப் பிரிந்து வந்திருக்கிறது. தாய்க்கும் மகளுக்கும் தகப்பன் கட்டத்தில் வேறு வேறு பெயர் இருப்பதால் குமாஸ்தா இரண்டு பேரிடமும் சரியாகத்தான் கேட்டிருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளலாம். மங்கம்மாவின் அப்பா ராமசாமி. அம்மாக்கண்ணுவின் அப்பா வெங்கடாசலம், ஊரிலேயே இறந்துபோயிருக்கலாம், விட்டுவிட்டுப் போயிருக்கலாம், அதை இந்தக் காகிதம் சொல்லாது. ஒரே பக்கத்தில் இரண்டு பெண்களின் பிறந்த வீடும் கிடைத்துவிட்டது, நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

நாயுடு யார் என்றால், என் ஊகம், மங்கம்மா இங்கே வந்து யாரோடு சேர்ந்து வாழ்ந்தாரோ அவர். தம்பி அவருக்குப் பிறந்த பிள்ளை, அதனால் நாயுடு. அம்மாக்கண்ணுவும் அவர் வீட்டில் வளர்ந்ததால் உங்கள் மாமனார் காதில் நாயுடு என்று விழுந்திருக்கிறது. பாட்டி இறந்தபோது பதிவு செய்யப் போனவருக்கு எந்த அப்பாவைச் சொல்வது என்று தெரியாமல் "தெரியாது" என்று எழுதச் சொல்லியிருக்கலாம். இது ஊகம்தான். தம்பியின் பிறப்புப் பதிவைத் தேடி எடுங்கள், அதில் தாயின் எண் மங்கம்மாவின் எண்ணாக இருந்தால் ஊகம் உறுதி. இருவருக்கும் ஒரே தாய் என்பதும் நாத்தனார்களுக்கு ஆதாரத்தோடு காட்டினது மாதிரி ஆகிவிடும்.

பிள்ளைமார் கதையை அத்தையோடு விட்டுவிடுங்கள். நாட்டாலில் பிள்ளை என்று போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் கப்பலில் அப்படி வந்தவர்கள் இல்லை, கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியே வந்து நாலு காசு பார்த்த பிறகு சேர்ந்துகொண்டதும் உண்டு. அதில் தப்பு சொல்ல நான் யார்.

குடும்ப மரத்தில் எழுதும்போது அம்மாக்கண்ணு, தகப்பன் வெங்கடாசலம் என்று போடுங்கள். சில மென்பொருள்கள் குடும்பப் பெயர் கட்டாயம் வேண்டும் என்று அடம் பிடிக்கும், அங்கே எதையாவது கற்பனையாக நிரப்பிவிட்டால் அதை நாலு பேர் நகலெடுத்து ஐந்து வருடத்தில் அதுவே உண்மையாகிவிடும். காலி விடுங்கள், குறிப்பில் காலனி எண்ணை எழுதுங்கள்.

வந்தவாசிக்காரன்:

தாமதமாகத்தான் பார்த்தேன். "டேசோர்" என்றால் தேசூராகத்தான் இருக்க வேண்டும், வந்தவாசி தாலுகாவில் இருக்கிற பேரூராட்சி. வாண்டிவாஷ் என்பது வந்தவாசிக்கு வெள்ளைக்காரன் வைத்த உச்சரிப்பு. பழைய வடஆற்காடு ஜில்லா ரொம்பப் பெரியது, சித்தூர் பக்கமெல்லாம் 1911 வரை அதில்தான் இருந்தது, தெலுங்குப் பெயர்கள் கலந்து வருவதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் பகுதி 1989இல் திருவண்ணாமலை மாவட்டமாகப் பிரிந்தது. அதனால் வேலூரில் போய் விசாரித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வெங்கடாசலம் என்ற பெயரை வைத்துக்கொண்டு ஊரில் வந்து கேட்டால் தெருவுக்கு ரெண்டு பேர் கைதூக்குவார்கள். அந்தக் காலத்துப் பிறப்பு இறப்புக் கணக்கு கிராமத்தில் கிடைக்கும் என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள். நிலம் இருந்த குடும்பமாக இருந்தால் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் பட்டாதார் பெயர் இருக்கும், ஆனால் நிலம் இருந்தவர் மகளும் பேத்தியும் ஏன் கப்பலேறப் போகிறார்கள்? குலதெய்வம் எது என்று பாட்டி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று மாமனாரைக் கேளுங்கள். இங்கே பங்காளிகளைக் கண்டுபிடிக்க அதுதான் வழி, கோயிலுக்கு வரி கட்டுகிற வகையறா எது என்று பூசாரிக்குத் தெரியும்.

மேஜைவிளக்கு:

குலதெய்வம் பற்றிக் கேட்டேன். கோவெண்டர் பக்கம் மாரியம்மன், அது இங்கே எல்லோருக்கும் மாரியம்மன்தான். பாட்டி தனியாக ஆடி மாதத்தில் வீட்டுக்குப் பின்னால் மூன்று கல்லை நட்டு மஞ்சள் பூசி எதையோ கும்பிடுவாராம், பெயர் மாமனாருக்கு ஞாபகம் இல்லை. தம்பி வீட்டுப் பெரியவர் ஒருவர் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கிறார், தொண்ணூறைத் தாண்டியவர், அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறோம். அவரிடமே தம்பியின் பிறப்புப் பதிவு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுகிறேன், இருந்தால் எண்ணை மட்டும் இங்கே போடாமல் பழங்கணக்கு அண்ணாவுக்குத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

பழங்கணக்கு:

அனுப்புங்கள். பெரியவரிடம் போகும்போது முதலில் காகிதத்தை நீட்டாதீர்கள், பேச விடுங்கள், போனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். நாயுடுவின் சொந்தப் பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த முதலாளி என்று கேளுங்கள், தோட்டத்தின் பெயர் கிடைத்தால் அவருடைய எண்ணையும் பிடித்துவிடலாம்.